பேரிங் சொன்ன பதில்

சங்ககிரிப் பட்டறையில் மெக்கானிக் காளியண்ணன், லாரியின் பின் ஆக்ஸிலைப் பிரித்து, கழுவிய பாகங்களைச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். காலை வெயிலில் அவை ஆற்றிலிருந்து அள்ளிய கூழாங்கற்களைப் போல மின்னின. ஒவ்வொன்றாக எடுத்து, "ஓடுவியா, மாத்திரலாமா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் பாகங்களே பதில் சொல்லிவிடுகின்றன, தங்களை அதிக காலம் ஓட்டியவரின் குரலில்.

லாரியின் சொந்தக்காரி கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷம் அதை ஓட்டிய அவள் கணவன் குப்புராஜ் போன தை மாதம் இறந்துபோனான்.

காளியண்ணன் பெரிய பேரிங்கைக் கையில் எடுத்ததும், தேன்கூட்டுக்குள்ளிருந்து வருவதுபோல அவன் குரல் வந்தது.

"எனக்கென்னங்க, ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடலாம்."

"இன்னொருக்கா கேளுங்கண்ணா," என்றாள் கோகிலவாணி.

கேட்டார். அதே பதில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஓட்டிய சாலைகளெல்லாம் மெல்ல அவளைத் தாண்டிப் போயின.

காளியண்ணன் பேரிங்கின் உள்வளையத்தில் விரல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் சிக்கி நின்றது.

"தேஞ்சிருக்குது அம்மிணி. ஆனா அது ஓடும்னு சொல்லுது. என்ன பண்றது?"

"நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தப்பவும் இதேதான் சொன்னாருங்கண்ணா. நானும் நம்பிட்டேன்."

அவள் பேரிங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"புதுசு போட்டுருங்க."