வாசனை வழக்கின் சாட்சி

"நம்ம சாட்சி வந்தாச்சா மேடம்?" நீதிமன்ற வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார் வக்கீல்.

"கார்ல தூங்குறார்," என்றார் விஞ்ஞானி அம்மா நிதானமாக.

பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையை ஆய்வகத்தில் செய்து, பூச்சிப் பொறிக்காகக் காப்புரிமை வாங்கியவர் அவர். அதை ஒரு கம்பெனி காப்பியடித்து விற்கிறது என்பது வழக்கு. "எங்க மூலக்கூறு வேற. அவங்களோடது இடப்பக்கம் வளையுது, எங்களோடது வலப்பக்கம்," என்று சாதித்தது கம்பெனி. இன்று தோற்றால் அம்மாவின் ஆயுசு உழைப்பு அம்போ!

"சாட்சி நல்லா பேசுவாரா?"

"வாயே திறக்க மாட்டார்."

"போச்சுடா! விவரமானவராவது..."

"பொண்ணு தேடுறதைத் தவிர வேற விவரம் கிடையாது."

வக்கீல் தலையில் கைவைத்தார். அம்மா கையுறை மாட்டிக்கொண்டு, காரிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். "நீங்களே கூட்டிட்டுப் போங்க. என் மேலயும் வாசனை ஒட்டியிருக்கும். நான் வந்தா என்னையே சுத்துவார்."

விசாரணை அறையில் டப்பா திறந்தது. கிளம்பிய ஆண் அந்துப்பூச்சி, மேசையில் தன் சரக்கு என்று கம்பெனி வைத்திருந்த வலப்பக்க வாசனைப் பஞ்சை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய், காலையில் தன் தொழிற்சாலையைச் சுற்றிவிட்டு வந்திருந்த கம்பெனி முதலாளியின் டையில் உட்கார்ந்து படபடவென்று காதலித்தது. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது.

"இடப்பக்க வாசனைக்கு மட்டும்தான் இவர் மயங்குவார், ஐயா. அது சார் டைக்கு எப்படி வந்தது?" என்ற வக்கீல், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு மனசுக்குள் பெரிய கும்பிடு போட்டார்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார்.

"சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றீங்களா?"