தட்டியது யார்?

“முதலாவது, நம்மைக் கேட்காமல் டர்போவைப் பூட்டினார்கள். இரண்டாவது, பழைய கணினியைக் கழற்றி எறிந்தார்கள். மூன்றாவது, இந்தப் புதுக் கணினியை நம் தலைமேல் உட்காரவைத்தார்கள்!” என்று காரின் முதல் பிஸ்டன் முழங்கியது. மற்ற மூன்று பிஸ்டன்களும் கோஷம் போட்டன.

புதுக் கணினி பொறுமையாகச் சொன்னது: “டர்போ காற்றை ஏற்ற ஏற்ற, உங்களில் ஒருவர் சூடு தாங்காமல் டக், டக் என்று தட்டுகிறார். யாரென்று சொன்னால் சூடு தணியப் பெட்ரோலைக் கூட்டித் தருகிறேன். இல்லாவிட்டால் அவர் தலையில் ஓட்டை விழும்.”

“முதலாளியின் கையாளே! உன்னிடம் கையேந்த இங்கே ஆளில்லை,” என்றது முதல் பிஸ்டன்.

“அண்ணன் சொன்னால் சரி,” என்றன மூன்றும்.

டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றது. உள்ளே டக், டக் என்றது. இன்ஜின் சுவரில் காதை ஒட்டிவைத்திருந்த சென்சார், “பெயர் தெரிந்துவிட்டது,” என்றது.

“சத்தமாக வாசி! சூடு தாங்காமல் தட்டிய கருங்காலி யாரென்று தோழர்கள் கேட்கட்டும்!” என்று முதல் பிஸ்டன் கத்தியது.

சென்சார் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தது: “முதல் பிஸ்டன்.”