பக்கத்து சீட் பெல்ட்

மனைவி இறந்த இந்த மூன்று வருடத்தில், அவர் காரின் பக்கத்து சீட்டில் காய்கறிப் பையைத் தவிர வேறு எதுவும் உட்கார்ந்ததில்லை. அதனால் இன்சூரன்ஸ் படிவத்தில் 'விபத்தின்போது காரில் இருந்தவர்கள்' என்ற இடத்தில், யோசிக்காமல் 'ஒருவர்' என்று எழுதியிருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிய காரைப் பார்வையிட்ட சர்வேயர் அந்தப் படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"ரெண்டு பேர்னு மாத்திக் குடுங்க சார். இல்லேன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் மட்டும்தாங்க வந்தேன்."

"பக்கத்து சீட் பெல்ட்டும் இறுகிப்போய் நிக்குது பாருங்க. இடிக்கிறப்ப ஆள் போட்டிருந்தாத்தான் இப்படி நிக்கும்."

எட்டிப் பார்த்தார். ஒல்லியான ஒருத்தியைச் சுற்றி வரும் அளவுக்கு வெளியே வந்து, பெல்ட் அப்படியே நின்றிருந்தது.

"அவளுக்கு அடி ஏதும் பட்டிருக்குமா?"

"பெல்ட் போட்டிருக்காங்களே சார், ஒண்ணும் ஆகியிருக்காது."

'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'இருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போக டாக்ஸி வந்தது. பின்சீட்டில் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்துங்க சார்," என்றார் டிரைவர்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் அவர்.