ஒண்ணுமே வரலை சார்

"ஜப்பான் மொழி எவ்வளவு அழகாப் பேசறீங்க!" அந்த நாட்டிலிருந்து வந்த புது மேனேஜர் வியந்தார்.

"ஐயோ, இன்னும் ஒண்ணுமே வரலை சார்" என்று அவர் மொழியிலேயே பணிவாகச் சொன்னாள் செக்ரட்டரி. யாராவது புகழ்ந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் கற்றிருந்தாள்.

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார் போலும். தினமும் மதியம் அவள் எதிரிலேயே மனைவியோடு ஃபோனில் பேசினார். "அன்னைக்கு உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு" என்று குரல் தழுதழுக்கும். அவள் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். ஒட்டுக்கேட்கிறோமே என்ற உறுத்தல் அவளைப் பிடுங்கித் தின்றது.

இன்று பேச்சுக்கு நடுவே, "தலை வெடிக்குது" என்றார். சட்டென்று எழுந்து மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது.

"மன்னிச்சுக்கோங்க சார். வீட்டம்மாகிட்ட நீங்க பேசறது எல்லாமே எனக்குப் புரியும். சொல்லாம இருந்துட்டேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புரியும்னு தெரியும்மா. அதனாலதான் உங்க முன்னாடி பேசினேன்."

அவர் ஃபோனை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவ இறந்து ஒரு வருஷம் ஆச்சு. நான் கேக்கற மன்னிப்பு யார் காதுலயாவது விழணும்னு தோணுச்சு."