மலைக்குள்ளே ஓர் என்ஜின்

ஞானமுத்து முதன்முதலாக மேஜைமேல் பொம்மை ரயில் பாதை போட்டார். ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல், தண்டவாளத்தின்மேல் தெர்மாகோலை அடுக்கி, பிளாஸ்டர் பூசி, ரயில் போக ஒரு குகை விட்டு மலை எழுப்பினார். அவசரம் அப்படி. பச்சை அடித்து, மரமெல்லாம் நட்ட பிறகுதான் என்ஜினை விட்டார். அது குகைக்குள் போய் நட்டநடுவில் தடம் புரண்டது. கையை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை.

“அண்ணே, கொஞ்சம் விரிசல் விடுங்களேன், எடுத்துடுவாரு” என்று கெஞ்சியது என்ஜின்.

“மூணு வாரம் உழைச்சிருக்காரு தம்பி. நான் உடைஞ்சா தாங்க மாட்டாரு. பொறு, ஏதாவது வழி பண்ணுவாரு” என்றது மலை.

வழி பண்ணினார். தண்டவாளத்தை மலையைச் சுற்றித் திருப்பிப் போட்டார். குகையின் இரண்டு வாயிலும் கறுப்பு அட்டை ஒட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மலையைத்தான் படம் எடுத்தார்கள்.

புது என்ஜின் வாங்கினார். முதல் சுற்றிலேயே அது மலையருகில் தயங்கியது.

“அண்ணே, உள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கே?”

“யாரும் இல்ல தம்பி” என்றது மலை. “உள்ள எல்லாம் வெறும் கல்லுதான். நீ போ, எல்லாரும் பாக்குறாங்க.”