சில்லு இல்லாத கடற்பசு

அந்தக் கடலில் கடற்பசுக்களின் வாலில் இருப்பிடம் காட்டும் மின்னணுச் சில்லு கட்டியிருந்தார்கள். சில்லு ஒன்று பக்கத்தில் வந்தால் போர்க்கப்பலின் பீரங்கிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கப்பலில் இருந்தபடி திரையில் சில்லுகளைக் கண்காணிப்பது டெல்சியாவின் வேலை.

அன்று சுடும் பயிற்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், இலக்கு மிதவையருகே ஒரு கடற்பசுவும் குட்டியும் மூச்சுவிட மேலே வந்ததைப் பார்த்தாள். இரண்டுக்கும் சில்லு இல்லை.

"சார், அங்கே தாயும் குட்டியும் இருக்கு. சுடாதீங்க."

கமாண்டர் பரிதி திரையைக் காட்டினார். "கடல் காலின்னுதானே வருது? சில்லு இல்லைன்னா சட்டப்படி அது கடற்பசுவே இல்லை."

"பிறந்த குட்டிக்கு யார் சார் சில்லு கட்டுவாங்க?"

"உட்காரும்மா. வேலை போயிடும்."

அவள் உட்காரவில்லை. புதுச் சில்லொன்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மிதவைச் சட்டையோடு கடலில் குதித்து நீந்தினாள். பீரங்கிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. திரையில் 'கடற்பசு: ஒன்று' என்று வந்தது.

பரிதி படகில் துரத்தி வந்தார். "சில்லைக் கழற்றிக் கொடு!"

"கடற்பசுகிட்டேருந்து சில்லைக் கழற்றினா ஏழு வருஷம் ஜெயில் சார். உங்க சட்டம்தான்!"

தாயும் குட்டியும் கண்ணுக்கு மறையும்வரை அவள் படகில் ஏறவில்லை.