மேசை விளிம்பில் ஒரு மருந்துப் புட்டி

விசாரணை அறையின் குழல்விளக்கு வெளிச்சம், மேசைமேல் இருக்கும் கட்டைவிரல் உயரப் புட்டியில் பச்சையாக மினுங்குகிறது. கஞ்சா எண்ணெய். மகளின் வலிப்புக்காக அம்மா வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. "இது மருந்துங்கிறதுக்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா?" என்று கேட்டபடி அதிகாரி சிகரெட் சாம்பலைத் தட்டுகிறார். அந்தப் புகையிலையை எந்தச் சட்டமும் போதைப்பொருள் என்பதில்லை. "நீங்க ஆராய்ச்சி பண்ண விட்டாதானே சார்?" "போதைப்பொருள வச்சு ஆராய்ச்சி பண்ண எப்படிம்மா விடறது?" "காலைல குடுக்க வேண்டிய சொட்டு இன்னும் குடுக்கல சார்." அம்மாவின் மடியில் சாய்ந்திருக்கும் சிறுமியின் கண்கள் மேலே செருகுகின்றன. அவள் குதிகால் மேசைக்காலில் டக் டக்கென்று மோதுகிறது. புட்டி நடுங்கியபடி விளிம்புக்கு நகர்கிறது. அதிகாரி பதறி எழுந்து, பச்சைக்குழந்தையை ஏந்துவதுபோல இரு கைகளாலும் புட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். "புள்ள காலப் பிடிங்கம்மா," என்கிறார், "எவிடன்ஸ் உடைஞ்சிடப் போகுது."